எழுபத்தைந்து ஓம்

டுலூத்தில், ஏரியைப் பார்த்த மலைச்சரிவில்
ஒரே சுவரில் முதுகு சாய்த்த இரட்டை வீடு.
படம் கட்டம் கட்டமாய் உடைகிறது என்றார்
லோர்னா ஹேக்லண்ட்,
அதுவும் ஹாக்கி நடக்கும்போது மட்டும்.
வேறு என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.
யோசித்தார்.
வேறு எதுவும் இல்லை.

வெளிப்பெட்டியில் மீட்டர் பத்து டெசிபல் காட்டியது.
வரவேற்பறையில் மைனஸ் பதினேழு.
மிச்சம் இருபத்தேழும்
சுவருக்குள் எங்கோ சிந்திக் கிடந்தது.

தரையோரப் பலகையைப் பெயர்த்தேன்.
மெலிந்த பழைய கேபிள், அதன்மேல்
ஒவ்வொரு தடவை அடித்த பெயின்ட்டும்:
ரோஸ், மஞ்சள், பிறகு ஒரு மருத்துவமனைப் பச்சை.
ஆணி இறுக்கிய இடத்தில் இடுப்பு நசுங்கியிருந்தது.
நுனியைத் திருகினால் களிம்பு உதிர்ந்தது.

பழசின் வாலில் புதுசைக் கட்டி
மாடியிலிருந்து இழுத்தேன்.
லோர்னா கீழே நின்று ஊட்டினார்.
நாலடி வந்தது.
அப்புறம் ஏதோ பிடித்துக்கொண்டது.

சுவரில் ஒரு சதுரம் அறுத்தேன்.
சுண்ணாம்பு, மரச்சிராய், காரையில் குழைத்த குதிரைமயிர்,
அதற்கும் பின்னால் ஒரு ஸ்ப்ளிட்டர்.
ஒரு வழி இந்த வீட்டுக்கு.
இன்னொன்று பொதுச்சுவரைத் துளைத்து
அந்தப் பக்கம் போனது.

அந்தப் பக்கம் ஆர்வோ லெஹ்டினன்.
நடைபாதைப் பனியை யார் வாருவது என்று ஆரம்பித்து
அவரும் லோர்னாவின் கர்ட்டிஸும்
பத்தொன்பது வருஷம் முகம்கொடுத்துப் பேசவில்லை.
கர்ட்டிஸின் அடக்கத்துக்கும் வரவில்லை அவர்.

ஸ்ப்ளிட்டரைச் சுற்றிய டேப்பில் பேனா எழுத்து:
'ஆர்வோவுக்கு. கழற்றாதே.'

லோர்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.
கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.
"கோல் விழுந்தால் சுவருக்கு
இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும்.
காசு கட்டாதவன் வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று
எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை."

ஆர்வோ எங்கே?
போன கோடையில் ஃபார்கோவுக்கு, மகளிடம்.
டிவியைக் கழற்றி எடுத்துப்போனார்.

அதுதான் சங்கதி என்றேன்.
அந்த முனை வாய் திறந்து கிடக்கிறது.
போன சிக்னல் ஆளில்லாத முனையில் முட்டித் திரும்பி
வந்துகொண்டிருப்பதோடு மோதுகிறது.

விதிப்படி வெட்டி எறிய வேண்டும்.
வெட்டுக்குறடு கையில்தான் இருந்தது.
அவர் வெட்டு என்றும் சொல்லவில்லை,
விடு என்றும் சொல்லவில்லை.
காபி போடப் போய்விட்டார்.

நாலு அடுக்குக் கவசமிட்ட புதுக் கேபிளை
வேறு வழியாக, நடுவில் ஒட்டு இல்லாமல்,
பெட்டியிலிருந்து டிவி வரை இழுத்தேன்.
பிளஸ் ஏழு.
ஆட்டத்தின் கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது,
பனிக்கட்டிமேல் கறுப்புத் தட்டு
இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

பழைய ஸ்ப்ளிட்டர் எதனோடும் சேராமல்
சுவருக்குள்ளேயே இருக்கிறது.
ஆர்வோ பக்கத்து வாயை மட்டும்
எழுபத்தைந்து ஓம் மூடி ஒன்றால் திருகி அடைத்தேன்.
ஒன்றும் ஓடாத கம்பிக்கு அது தேவையே இல்லை.

பில்லில் அதை எழுதவில்லை.
சுவர் ஓட்டைக்குப் பூச்சு
வீட்டுக்காரர் பொறுப்பு என்று எழுதினேன்.