இடது மூன்று

செஸ்ட்நட் காயவைக்கும் கொட்டகையில்
முப்பத்தெட்டு வருடம் கிடந்தது லான்சியா.
கதவைத் திறந்ததும் வந்தது
பெட்ரோல் வாடை இல்லை,
பழைய வார்னிஷ் வாடை.
டாங்கின் அடியில் மிச்சம் பாகாய் இறுகியிருந்தது.

ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறது.
பியெல்லா மலைச்சாலைகளின் வரைபடத்தைக் குதறி
மெத்தை போட்டிருக்கிறது.
குட்டி போட உகந்த இடம்தான்.
ஒருவரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

மெக்கானிக் எவாசியோ
பிளக் துளைகளில் டீசல் ஊற்றிவிட்டு
"பொறுங்கள், சின்யோரா" என்றார்.
பதினொரு நாள் பொறுத்தேன்.
பன்னிரண்டாம் நாள் நீளக் கம்பியால் நெம்ப
என்ஜின் ஒரே ஒரு பல் நகர்ந்தது.
அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிரேக் குழாய்கள் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருந்தன.
கிளட்ச் தகடு ஃப்ளைவீலைக் கட்டிக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
இரண்டு மாத ஓய்வூதியம் அதற்கே போனது.
வலது முன் மட்கார்டின் நசுங்கலை மட்டும்
தட்டி எடுக்க வேண்டாம் என்றேன்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார்.
ரோட்டர் இல்லை.
கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு,
அது இல்லாமல் பொறி எந்த பிளக்குக்கும் போய்ச் சேராது.
"புதியது பன்னிரண்டு யூரோதான்."
தெரியும்.
பழையது யாரிடம் இருக்கிறது என்றும் தெரியும்.

எண்பத்து மூன்று ராலி, மூடுபனி.
ஓட்டியது நான்,
பக்கத்தில் குறிப்பு படித்தவள் நீவெஸ்.
அவள் வலது என்றாள், வலதில் திருப்பினேன்,
அங்கே சாலை இல்லை.
இப்படித்தான் சொல்லிவருகிறேன்,
கல்யாணங்களில், சாவு வீடுகளில்,
பல் பிடுங்கும் நாற்காலியில்கூட.
டிராக்டர் வண்டியை மேலே இழுத்த அன்றிரவு
அவள் ரோட்டரைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
"இனி நீ யாரையும் ஏற்றிப்போக வேண்டாம்" என்று
பஸ் ஏறிவிட்டாள்.

ஒரு வரி எழுதிப் போட்டேன்: அந்தத் துண்டு வேண்டும்.
மூன்று வாரம் கிணற்றில் போட்ட கல்.
பிறகு சவோனாவிலிருந்து உறை வந்தது.
கடிதம் கிடையாது.
ரோட்டரைச் சுற்றிக் குறிப்பேட்டின் ஒரு தாள்,
பென்சிலில்
"இடது மூன்று",
அடியில் இரண்டு கோடு.

நேற்றுக்கூட எழுதியிருப்பாள்,
அவளைத் தெரியாதா எனக்கு.
தாளைப் பிரித்தேன்.
மடிப்புக்கு மடிப்பு
பித்தளையின் பச்சைக் களிம்பு
ஊறிப் பதிந்திருந்தது.

எழுதியது இடது.
சொன்னது?
என் காதில் விழுந்தது?

மூன்றாம் முறை என்ஜின் இருமிப் பிடித்துக்கொண்டது.
கொட்டகை முழுக்க நீலப் புகை.
தனியாக எடுத்துக்கொண்டு மலையேறினேன்.
அந்த வளைவில் இப்போது இரும்புத் தடுப்பு இருக்கிறது.
இடது மூன்று என்று நானே வாய்விட்டுச் சொல்லித்
திருப்பினேன்.

ஒன்று:
பிரேக்கில் கால் வைத்தால் வண்டி கொஞ்சம்
வலது பக்கம் இழுக்கிறது.
எவாசியோவிடம் சொல்ல வேண்டும்.
நீவெஸிடம் எப்படிச் சொல்வது என்று
இரண்டாம் கியரிலேயே
யோசித்துக்கொண்டு இறங்கினேன்.