முந்தாநாள்

புளியரை எடைமேடையில்
ஒன்பது வருடம் சீட்டு கிழித்தவள் நான்.
லாரி ஏறி நின்றதும் எண் விழும்.
கல்தூளோ வாழைத்தாரோ,
அப்போதைக்கு அப்போதே.
சரக்கை இறக்கிவிட்டுப் போன எந்த லாரியும்
மூன்றாம் நாள் திரும்பி வந்து
மேடையை அழுத்தியதில்லை.

என் உடம்பு அப்படிச் செய்கிறது.

ஐப்பசியில் ஒரு காய்ச்சல்.
பத்து நாளில் அது போய்விட்டது.
நான் திரும்பி வரவில்லை.

தென்காசியில் ரத்தம் எடுத்தார்கள்.
தைராய்டு, சர்க்கரை, இரும்பு, நெஞ்சுப் படம்.
எல்லாம் நார்மல்.
அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு
நாத்தனார் செல்வக்கனி கேட்டாள்:
"நார்மல்னா எந்திரிக்க வேண்டியதுதான?"

காலையில் நடங்கள் என்றார் டாக்டர்.
திங்களன்று நடந்தேன்,
கோட்டைவாசல் வளைவு வரை,
கொல்லம் போகிற கண்டெய்னர்கள் முந்தானையை உரச.
நன்றாகத்தான் இருந்தது. வேர்த்தது. பசித்தது.
திரும்பும்போது ஒரு பழம்பொரி வாங்கித் தின்றேன்.
செவ்வாய், கொஞ்சம் கனம்.
புதன் விடிந்தபோது
தலையணையில் கிடந்த தலை யாருடையது என்று
கழுத்துக்குத் தெரியவில்லை.
தொண்டையில் நெறி கட்டியிருந்தது.
அடுத்த வீட்டு மிக்ஸி என் பல்லுக்குள் ஓடியது.
தூங்கினேன், விழித்தேன்,
தூக்கம் வேறு யார் வீட்டிலோ நடந்திருந்தது.

நடப்பதை விட்டதால்தான், என்றார்.
மறுபடி நடந்தேன்.

நாலு மாதம்.
கூட்டலும் கழித்தலும்தான் என் பிழைப்பு,
இதை மட்டும் நான் கூட்டிப் பார்க்கவில்லை.

புனலூருக்கு ரயில் ஏறினோம்.
பின்னால் ஒரு எஞ்சின் தள்ள, மலை ஏறியது.
பதிமூணு கண் பாலம் வருது பாரு என்றார் வீட்டுக்காரர்.
பார்க்கவில்லை.
கண்ணைத் திறந்து வைப்பதும் ஒரு வேலை.

டாக்டர் பீனா குருவிளா ஃபைலைத் திறக்கவில்லை.
"மினிஞ்ஞான்னு எந்தா செய்தது?"
எனக்குப் புரியவில்லை என்று நினைத்து
தமிழில் கேட்டார்: "முந்தாநாள்?"

இன்றைக்கு என்ன செய்கிறது என்று
எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள்.

போர்வை துவைத்தேன் என்றேன்.
"எத்ர?"
மூணு.
எழுதிக்கொண்டார்.
அதற்கு முன்னால் விழுந்தது எப்போது,
அதற்கு முந்தாநாள் என்ன?
பேங்க் வரிசை.
அதற்கும் முன்னால்?
மகன் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி.
அதற்கும் முன்னால்,
செல்வக்கனியோடு சண்டை.
சண்டையுமா என்றார் வீட்டுக்காரர்.
சண்டையும் என்றார் டாக்டர், அவரைப் பார்க்காமலே.

களைப்பு எல்லா நோயிலும் உண்டு,
செய்த வேலைக்கு உடம்பு பிறகு கேட்கிற விலை,
வேலைக்குப் பொருந்தாத விலை,
இதில் அதுதான் அடையாளம் என்றார்.
ரத்தத்தில் அதைக் காட்டும் பரிசோதனை இல்லை,
கேட்டுத்தான் தெரியவேண்டும்.
நோயின் பெயரைச் சொன்னார். நீளமான பெயர்.
அதில் சோர்வு என்ற சொல் இருப்பதே தப்பு என்றார்.
மருந்து கேட்டேன், கையை விரித்தார்.
நடக்கச் சொன்னாங்களே என்றேன்.
பேனாவை மூடினார்.
"நடக்கண்டா."

அப்போதுதான் அழுதேன்.
அதற்கும் இரண்டு நாள் கழித்துக் கொடுத்தேன்.

இப்போது ஒரு பழைய எடை ரிஜிஸ்டர்,
காலி எடை, சரக்கு எடை, நிகரம் என்று
கட்டம் போட்டது.
குளியல், நின்றபடி. குளியல், ஸ்டூலில்.
வெங்காயம் இரண்டு.
தலை சீவியது. (ஃபோன் பேசவில்லை.)

திங்கள் சாயங்காலம் தாவீது வந்தான்,
என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன்.
லாரியை ஓரம் கட்டிவிட்டு
மேடையில் தனியாக ஏறி நின்றானாம் ஒரு டிரைவர்,
அவன் எடைக்கு ஒரு சீட்டு வேண்டுமாம்.
பூஜ்யம் விழுந்திருக்கிறது.
அத்தனை பெரிய மேடைக்கு ஒரு ஆள் தெரியாது.
"அப்போ ஞான் இல்லேய்?" என்று
அரைமணி நேரம் சண்டை.

சிரித்தேன். விலா வலிக்க, கட்டிலைப் பிடித்துக்கொண்டு.
அவன் போனதும் ரிஜிஸ்டரை இழுத்து எழுதினேன்:
சிரிப்பு, நாலு நிமிஷம்.

இன்றைக்குச் செவ்வாய்.
நிகரக் கட்டம் காலியாக இருக்கிறது.
ஜன்னல் திரையை இப்போதே இழுத்து விட்டுவிட்டேன்,
தண்ணீர்ச் செம்பைக் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டேன்.
அந்த டிரைவர் மறுபடி நினைவுக்கு வருகிறான்.