பதினோரு சுற்று

சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்
கார் ஷெட்டுக்குள் ஒரு வெடி.
பூனைதான் முதலில் ஓடியது.
டயர் என்றார் எதிர்வீட்டு மக்தூம்.
டிரான்ஸ்பார்மர் என்றது ஒரு மாடி ஜன்னல்.
பக்கக் கதவு வழியே போய் டார்ச் அடித்தேன்.
நான்கு டயரும் உருண்டையாகத்தான் இருந்தன.
ஷட்டர்
மூடியபடி நின்றது, ஒன்றும் தெரியாததுபோல.

ஏழு மணிக்கு ராமநாதபுரம் லேப்பில் இருக்க வேண்டும்.
வெறும் வயிற்றோடு வந்தவர்கள்
எனக்காகக் காப்பி குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.
வழக்கம்போல ஒரு கை வைத்தேன்.
அசையவில்லை.
இரண்டு கை. முழங்கால். ஒரு பிஸ்மி.
நாலு விரல் உயரம் வந்து
என் செருப்பைக் கவ்விக்கொண்டு இறங்கியது.

ஆறு வருஷம்
ஒரு கையில் டிபன் பை, மறு கையால் ஷட்டர்.
என் கை என்றல்லவா
நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் மச்சான்:
"மேல ஓரத்துல ஒரு போல்ட் தெரியுதா?
ஸ்டூல் போட்டு ஏறி லேசா லூஸ் பண்ணு."
ஸ்டூல் போட்டாயிற்று. ஸ்பேனரும் கையில்.
அதற்குள் நல்லவேளையாக
உச்சிப்புளி இன்னாசி போனை எடுத்தார்.
"தங்கச்சி, முதல்ல கீழ இறங்குங்க.
ஒண்ணுதான் உடைஞ்சிருக்கும்.
மத்ததுக்கு இன்னும் உசுரு இருக்கு."

மக்தூமும் அவர் மகன்களும்
ஐஸ் வண்டிக்காரரும் சேர்ந்து தூக்க,
ரெண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து
காரை வெளியே எடுத்தேன்.
ஸ்டியரிங் மேல் தலையைக் குனிந்துகொண்டேன்,
காருக்குக் கூரை இருப்பதை மறந்து.

சாயங்காலம் இன்னாசி பைப்பை இறக்கினார்.
"கச்சான் காத்துல நாலு மாசம் உப்பு, வாடையில நாலு மாசம்.
மிச்ச நாலு மாசம் மட்டும் சும்மா இருக்குமாக்கும்?"
உடைந்த சுருளை என் உள்ளங்கையில் வைத்தார்.
வெளியெல்லாம் கருவாட்டு நிறம்.
உடைந்த வாயில் மட்டும் புதுச் சில்லறையின் மினுக்கம்,
அதற்குள் விளிம்பிலிருந்து
ஒரு மெல்லிய பழுப்புக் கோடு.
"இது போன கிறிஸ்துமஸுக்கு முந்தியே விழுந்திருக்கும்.
கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு."
கிறிஸ்துமஸிலிருந்து எத்தனை தடவை
அதன் அடியில் நின்று சாவி தேடியிருப்பேன்.

நல்லதாக இருக்கும் மற்றதை
விட்டுவிடலாமே என்றேன்.
"ஒரே நாள்ல மாட்டுனது, ஒரே உப்பு தின்னது.
இன்னைக்கு அதை விட்டா
அடுத்த மாசம் அது என்னைக் கூப்பிடும்."
இரண்டையும் மாற்றினார்.
முகத்தை ஒதுக்கிவைத்துக்கொண்டு
ரெஞ்சால் சுற்றினார், ஒன்று, இரண்டு,
எண்ணும்போது யாரும் பேசக் கூடாதாம்.
ஸ்டூலில் சாய்த்துவைத்த போனுக்குள்
மச்சானும் வாய் திறக்கவில்லை.
பதினொன்றில் போல்ட்டை இறுக்கினார்.

இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கையை விட்டார்.
நின்றது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
"இப்படி நின்னா சரி.
மாசம் ஒரு தடவை விட்டுப் பாருங்க. இறங்குச்சுன்னா கூப்பிடுங்க.
மூணு மாசத்துக்கு ஒரு தடவை சுருளுக்கு ஆயில்,
ஷட்டரை மூடி வச்சுட்டு.
சேனலுக்கு கிரீஸ் பூசிடாதீங்க, மணல் அப்பிக்கும்."

சுவரில் தேதியை மார்க்கரால் எழுதினேன்.
பழைய இரண்டும் இரும்புக்காரர் தராசில்
ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
எவ்வளவு ஆச்சு என்று மச்சான் கேட்டார். சொன்னேன்.
"அவ்வளவா" என்றார்.
அந்தப் போல்ட்டைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

காலையில் ஒரு கையால் தூக்கினேன்.
ஒரு சத்தமும் இல்லாமல் போனது மேலே.
தூக்கியது யாரென்று தெரிந்ததால்
கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தேன்.
பூனை மட்டும்
இன்னும் அந்தப் பக்கம் வருவதில்லை.