சோக்கேசுக்குள் வெக்கை

மாங்குளம் சந்தியில் என் கடை மேசைக்கு
துவாயில் சுற்றி வந்தது
பாசலில் இருந்து யாரோ அனுப்பின கேம் பெட்டி.
"பத்து நிமிசம் ஓடுது, பிறகு சிவத்த லைற்.
தூசு படவே விடேல்லை, பிள்ளை.
சோக்கேசுக்குள்ள வைச்சு, கண்ணாடியும் பூட்டி,
மேல இந்தத் துவாயும் போட்டது"
என்றார் அற்புதமலர் அக்கா.

எட்டு ஆணி. மூடி கழன்றது.
காத்தாடியின் இதழ்களுக்கிடையில்
ஏ-ஒன்பது வீதியின் செம்புழுதி,
பூட்டை எப்படிக் கடந்ததோ.
ஒரு பல்லி முட்டைக் கோது.
சிப்பின் மேல் பூசிய பேஸ்ற்
ஆவணிக் குளத்து அடிச்சேறாய்ப்
பாளம் பாளமாய் வெடித்து.

ஊதினேன். ஸ்பிரிற் தொட்டுத் துடைத்தேன்.
புதுப் பேஸ்ற் ஒரு பயறளவு, கூடினாலும் கெடுதி.
அடியில் ஈயம் பற்று விட்டிருந்தால்
சூடு காட்டி ஒட்டலாம்.
சூட்டில் செத்தது சூட்டில் எழும்பும்,
மூன்று கிழமைக்கு.
பிறகு திரும்ப என்னட்டைத்தான் வரும்.
நல்லகாலம், விடவில்லை.

ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன்.
திரையில் பந்து உருண்டது.
பின்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன்:
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.

"அக்கா, இது மூச்சு விட வேணும்.
கண்ணாடியைக் கழட்டுங்கோ."

மூவாயிரத்து ஐந்நூறை
எண்ணி வைத்தார், பேரமில்லாமல்.
கண்ணாடிக்குத்தான் பேரம்.
"ஒரு சாண் திறந்து விட்டால் காணாதோ?"
காணாது.
"அரைவாசி?"

துவாயை மட்டும் விட்டுப் போனார்.
இப்போது அதில்தான்
ஆணிகளைப் பரப்பி வைக்கிறேன்.