அடிப்பச்சை

ஸ்கின் என்று எழுதியிருந்த ட்யூபை
முதல் வாரமே தூக்கிப் போட்டேன்.
நீடாமங்கலத்தில் அந்த நிறம்
பல்செட்டின் ஈறுக்கு மட்டும்தான்.

முதலில் பச்சை பூச வேண்டுமாம்,
முகம் முழுக்க.
ஜெயசீலன் எட்டிப் பார்த்தான்:
"மூணாம் நாள் பொணம் மாதிரி இருக்கேனே."
எனக்கொன்றும் புதிதில்லை.
பகலெல்லாம் லேபில்
முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி நான் தேடுவதே
தோலுக்கு அடியில் ஓடும் அந்தப் பச்சையைத்தான்.

கார்த்திகை மழை. எண்ணெய் காயவே இல்லை,
பதினெட்டாம் நாளும் விரலில் ஒட்டியது.
தை பிறந்ததும் அறுவடை மெஷினை எடுத்துக்கொண்டு
திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்விட்டான்.

மாசியில் வந்து உட்கார்ந்தபோது
கலந்து வைத்த காவி எதுவும் சேரவில்லை.
காலருக்கு மேலே ஒருவன்,
கீழே வேறொருவன்.
யாரை வரைவது?

சுட்ட மண்ணைக் கூட்டினேன். நெற்றியில்
கொஞ்சம் நீலம், வானம் பட்ட இடத்தில்.
பிறகு அவன் தலையைத் திருப்பியதில்
ஜன்னல் வெயில்
காதுமடலுக்குள் புகுந்து வெளியே வந்தது,
தினமும் நான் பெயர் ஒட்டி அடுக்கும்
குழாய்களின் சிவப்பாக.

"எந்திரிக்கலாமா?"

காதை ஆட்டாதே என்றேன்.