கூட்டுத்தொகை நூறு

இரவு இரண்டேகாலுக்கு மின்சாரம் போய் வந்தது.
மல்லேஸ்வரத்தின் ஜெனரேட்டர்கள்
ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல்
தனித்தனியே இருமிக்கொண்டு கிளம்பின.
அடித்தளத்தில் எங்கள் ருபீடியம் முகில் கலைந்திருந்தது.
மறுபடி குளிர்வித்தோம். மறுபடி நெருக்கினோம்.

தனியே விட்டால் ஓர் அணு
தனக்குத் தோன்றும்போது ஒளியை உதிர்க்கும்,
சராசரியாக இருபத்தாறு நானோ நொடி.
ஒளியின் ஓர் அலைநீளத்துக்குள்
அத்தனையும் ஒண்டி நின்றால் கதை வேறு.
முதலில் ஒன்றுமில்லை.
அப்புறமும் ஒன்றுமில்லை.
அப்புறம் ஒரே வீச்சில் எல்லாம்:
நான்கு அணுவுக்குப் பதினாறு மடங்கு வெளிச்சம்,
நூறுக்குப் பத்தாயிரம்.
ஆற்றல் கூடவில்லை, நேரம்தான் சுருங்கியது.

கல்யாண மண்டபத்துக் கைதட்டல் மாதிரியா, என்றாள் தங்கை போனில்.
இல்லடி. அங்கே முதலில் தட்டிய ஆள் ஒருத்தர் உண்டு,
வீடியோவில் தேடினால் அகப்படுவார்.
இங்கே முதல் துளியை விட்டது யார் என்பது
அணுக்களுக்கே தெரியாது.
தெரியாததால்தான் அந்த வீச்சு.

திரையில் முனை எழுந்தது.
பர்வீன் கத்தவில்லை, ஆறிய எலுமிச்சைச் சோற்றை
இரண்டாய்ப் பிரித்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.

முனைக்குப் பின்னால் ஒரு வால்.
மெலிந்து, நீண்டு, அணையாமல்.
பின்புல இரைச்சல் என்று இரண்டு வாரமாகக்
கழித்துக்கொண்டிருந்தோம் அதை.
கதவிடுக்கில் கசிவாக இருக்கும் என்று
சித்தலிங்கையா மூன்று சுற்று கறுப்பு டேப் ஒட்டினார்,
கைவிளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் நின்று சொன்னார்:
"பாகிலு அல்லா மேடம்."
கதவு இல்லை.

அப்போதுதான் உறைத்தது.
சில அணுக்கள் ஒன்றின் அலையை மற்றொன்று அழித்து
வெளியே காட்டாமல் வைத்திருக்கின்றன.
வீச்சு முடிந்து எல்லாரும் போன பிறகு
கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன.

அடுத்த ஜன்னலில் இதழின் படிவம்
மூன்று நாளாகத் திறந்தே கிடக்கிறது:
ஒவ்வொருவர் பங்களிப்பும், விழுக்காட்டில்.
கூட்டுத்தொகை நூறு.

நூறு சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.
பிரிக்கச் சொல்வதுதான் புரியவில்லை.

கூட்டல் குறியை அழுத்தி ஒரு வரி சேர்த்தேன்.
சி-த்-த-லி-ங்-கை-யா, ஆங்கில எழுத்தில் எப்படி என்று
அவரிடமே கேட்டு.
எண்ணைக் காலியாக விட்டேன்.
காலியாக விடக்கூடாது என்றது படிவம், சிவப்பில்.

வெளியே முதல் பால் வண்டி.
டேப்பைப் பிரித்தால்தான் கதவு திறக்கும்.
மூன்று சுற்று.