ஆல்கடல்

சல்மாபாத். வெள்ளிக்கிழமை மத்தியானம்.
ஆறு கட்டிலுக்கு ஒரு டிவி.
முத்துக் குளித்தவர்களைப் பற்றி ஏதோ படம்,
தமிழில் பேசுகிறது, கம்பீரமான குரல்:
"ஆல்கடலில் மூல்கி, மூச்சையடக்கி..."

ஆழ், என்றேன்.
மேல்கட்டிலில் பிச்சுமணி புரண்டு படுத்தான்.
"முத்துக் குலிப்போர்" என்றது குரல்.
தலையணையை எறிந்தேன்.
மூக்கில் கிடுக்கி, காலில் கல்,
கயிற்றின் மறுமுனையில் யாரோ ஒருத்தன் கை.
அவன் அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறான்,
உனக்கு நாக்கை மடிக்க வலிக்கிறதா?

"உன்னை இங்கே என்னன்னு கூப்பிடுறான்?"
போர்வைக்குள்ளிருந்து பிச்சுமணி.

பஸாமலாய்.
பதினோரு வருஷமாகக் கை தூக்குகிறேன்,
ஒருநாளும் தலையணை எறிந்ததில்லை.
ஸ்டோர்க்காரர் முஹ்சின் மட்டும்
பழமலையைப் பாதிவரை ஏறிப் பார்ப்பார்.
பிறகு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டுவார்,
அவர் பெயர் அங்கிருந்து வரவேண்டுமாம்.
மோசின், என்பேன்.
பெருமூச்சுவிட்டுக் கையுறை எடுத்துத் தருவார்.

ராத்திரி வாய் கொப்பளிக்கையில்
தண்ணீரைத் தொண்டையில் நிறுத்தி
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
ஏதோ வந்தது.
அவர் பெயரா, இருமலா, தெரியவில்லை.
கதவைத் தட்டினான் பிச்சுமணி:
"டேய், உள்ளே என்ன, மூல்கிட்டியா?"